பத்தாவது ஸ்க்ரூ

என் மகளுக்கு லேப்டாப்பை மேசையில் வைத்து வேலை பார்க்கத் தெரியாது. அவள் அறையில் மேசை இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது. இரண்டின் மேலும் துணிதான் குவிந்து கிடக்கும். அவள் கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, லேப்டாப்பை வயிற்றின் மேல் வைத்துக்கொள்வாள். திரையை முழுவதுமாகப் பின்னால் மடக்கினால் சிலேட்டுப் பலகை போல ஆகிவிடுகிற வகை அது. பாதி நேரம் பலகையாகப் பிடித்துக்கொண்டு படம் வரைவாள். பாதி நேரம் கூடாரம் மாதிரி நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்து எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படியே தூங்கியும் போவாள். ஒரு வருடத்துக்கும் மேலாக அதற்குள், பேட்டரிக்கு அடியில், ஒரு சின்ன ஸ்க்ரூ தன் கூர்முனையை பேட்டரியில் பதித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

எதுவும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில் அவள் யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் மேலே உள்ள கடைசி வாக்கியத்தை எழுதி முடித்ததும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

லேப்டாப்பைத் திறக்க வேண்டிய அவசியம் வந்ததே அவள் புனேக்குப் போவதால்தான். டிசைன் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாலு வருடம், ஹாஸ்டல். இந்த லேப்டாப் பத்தாவது முடித்தபோது வாங்கிக் கொடுத்தது. இப்போது படம் வரையும் ஒரு மென்பொருளைத் திறந்துவிட்டு இன்னொன்றைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. புதிதாக ஒன்று வாங்குவதா, இதிலேயே ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் மாற்றினால் போதுமா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. அவளுக்கோ இதை விட மனமில்லை. இதன் மூடியில் அவள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களே ஒரு தனிச் சரித்திரம்.

என் கணவர் பேச்சை முடித்து வைத்தார். செகந்திராபாத்தில் கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் கட்டடத்துக்கு ஒரு சனிக்கிழமை போய், சட்டைப் பையில் ஒரு ரேமோடு திரும்பி வந்தார்.

"உள்ள எந்த ஸ்லாட்னு பாத்தீங்களா?" என்றேன்.

"ஸ்லாட் இல்லாம எவனாவது லேப்டாப் செய்வானா? கைக்கு இவ்ளோ யோசன?"

அவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே இங்கே வந்துவிட்டது. தமிழ் பேசும்போதே நடுவில் இந்த ஊர் உருது புகுந்துவிடும்; 'ஏன்' என்பதற்கு 'கைக்கு' வரும், 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' வரும். நான் குடியாத்தத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் 'ஹவ் ஹவ்' என்று தலையாட்டும்போது எதற்கோ சலித்துக்கொள்கிறார் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன். அது வெறும் 'ஆமாம்'தான் என்று தெரியச் சில நாள் ஆயிற்று. எங்கள் மகள் இரண்டு தமிழையும் புரிந்துகொண்டு, இரண்டிலும் சேராமல் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்வாள்.

அவர் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது நான்தான். பாலாநகரில், விமானங்களுக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் இடத்தில், ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. டிப்ளமோ முடித்துச் சேர்ந்தவள். தலை நரைத்த பிறகும் அங்கேயேதான் இருக்கிறேன். ஒரு கருவியை மூடும் முன் நான் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு விதி உண்டு. கழற்றிய ஸ்க்ரூ எத்தனையோ அத்தனையும் கண் முன்னால் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் மூடி போடக் கூடாது. "தரையில எங்கயாவது விழுந்திருக்கும் மேடம்" என்று எங்களிடம் யாரும் சொல்ல முடியாது. தரையில் கண்ணால் பார்த்து, கையில் எடுக்கும் வரைக்கும் அது கருவிக்குள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலை நடக்கும். ஒருமுறை ஒரு பொடி வாஷரைக் காணோம். கருவியை மறுபடி முழுக்கப் பிரித்தோம். பெருக்கிய குப்பையைக் கொட்டிச் சலித்தோம். ஷிஃப்ட் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் ஒரு பையனின் கையுறைத் தையலுக்குள் செருகிக்கொண்டிருந்தது. அன்று யாரும் யாரையும் திட்டவில்லை. கிடைத்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

வீட்டில் இந்தப் பழக்கம் பெரிய கேலி. ஒரு தடவை மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையத்தைக் காணோம் என்று, வந்திருந்த என் நாத்தனார் குடும்பத்தையே சோஃபாவிலிருந்து எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். அதை அவர்கள் இன்றும் ஒவ்வொரு கல்யாணத்திலும் நடித்துக் காட்டுகிறார்கள்.

ரேம் வந்த மறுநாள் ஞாயிறு. இட்லி முடிந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தேன். வெள்ளைத் துணியில் எது விழுந்தாலும் கண்ணில் படும். ஒரு அட்டைத் துண்டில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்தேன். எந்த இடத்து ஸ்க்ரூவோ அதை அட்டையில் அதே இடத்தில் குத்தி வைப்பதற்கு. பின்பக்கத்து ஸ்க்ரூ நீளமாக இருக்கும், முன்பக்கத்தது குட்டையாக இருக்கும். மாற்றிப் போட்டால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே துளைத்துவிடும். மகளை அவளுடைய நைலான் துப்பட்டாவைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன். அதில் உரசி வரும் மின்சாரம் இந்த மாதிரி சாமானுக்கு ஆகாது.

"டாடி, ஆபரேஷன் தியேட்டர் ரெடி" என்றாள் அவள்.

"பேஷன்ட் பொழைக்கிறது டாக்டர் கையிலதான்" என்றார் அவர். "நாம வெளிய வெயிட் பண்ணுவோம் வா."

ஆனால் இரண்டு பேரும் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். ரேம் சட்டைப் பையிலேயே இருந்தது.

கண்ணுக்குத் தெரிந்த ஸ்க்ரூ எல்லாம் எளிதாக வந்தன. அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. அதற்குக் கீழேயும் ஸ்க்ரூ ஒளித்து வைத்திருப்பார்கள் என்று தெரியும். பட்டையை நகத்தால் நெம்பி மெதுவாக உரித்தேன். அது ஏற்கெனவே ஒருமுறை உரிக்கப்பட்டுத் திரும்ப ஒட்டப்பட்டது என்று பசையைப் பார்த்தாலே தெரிந்தது. ஓரத்தில் தூசியும் முடியும் ஒட்டியிருந்தன. கீழே இரண்டு குழி. ஒன்றில் ஸ்க்ரூ இருந்தது. மற்றதில் இல்லை.

பத்து குழி, ஒன்பது ஸ்க்ரூ. அட்டையில் ஒரு இடம் காலியாக நின்றது.

"இத யாரு தொறந்தது?" என்று கேட்டேன்.

மகள்தான் நினைவுபடுத்தினாள். பதினொன்றாம் வகுப்பில் ஒருமுறை திரையை மடக்கும் கீல் இறுகிப்போய், ஏதோ ஒரு கடையில் கொடுத்துச் சரி செய்து வாங்கினோம். அதன் பிறகு யாரும் திறக்கவில்லை.

"அவன் அங்கயே எங்கயோ போட்டிருப்பான்" என்றார் அவர். "ஒன்பது ஸ்க்ரூல இத்தன நாள் ஓடலியா? நீ மேல பாரு."

நான் பழைய மெட்ரோ கார்டு ஒன்றை விளிம்பில் நுழைத்துச் சுற்றி வந்தேன். கிளிப்புகள் டக் டக்கென்று விட்டுக்கொடுத்தன. மூடி எழுந்து வந்தது.

உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு பக்கம் காற்றாடி, அதில் சாம்பல் நிறத்தில் பஞ்சுத் தூசி. நடுவில் போர்டு. முன்பக்கம் அகலமாகக் கறுப்பு பேட்டரி. முதலில் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றினேன். பிறகு ரேம் எங்கே என்று பார்த்தேன். ரேம் இருந்தது, ஆனால் ஸ்லாட் இல்லை. சில்லுகளைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருந்தார்கள். இதில் கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. மெல்லிசான லேப்டாப் பலவற்றிலும் இப்படித்தான்.

"ஸ்லாட் இல்லாம எவனாவது செய்வானான்னீங்களே" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "செஞ்சிருக்கானே படவா."

மகள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "டாடி, அத ஃபிரிட்ஜ்ல ஒட்டிரு. மேக்னட் மாதிரி."

"கடைக்காரன் திருப்பி எடுத்துப்பான். எடுக்கலேன்னா ஒன் கல்யாணத்துக்குச் சீர்ல வச்சிடறேன்."

நல்ல செய்தியும் இருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் எஸ்எஸ்டி தனியாக, கழற்றி மாற்றும்படி, ஒற்றை ஸ்க்ரூவில் உட்கார்ந்திருந்தது. அதைப் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம். காற்றாடியைச் சுத்தம் செய்தாலே சூடு குறையும், வேகமும் கொஞ்சம் திரும்பும். இதை வைத்துக்கொண்டு அவள் முதல் இரண்டு வருடத்தையாவது ஓட்டிவிடலாம். பார்க்க வந்ததைப் பார்த்தாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் இங்கே மூடியிருப்பார்கள். எஸ்எஸ்டி வந்த பிறகு மறுபடி திறந்து மாட்டி மூடியிருப்பார்கள். அவள் அதைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியிருப்பாள்.

"சரி, மூடு. பூரி மசாலாக்கு உருளக்கெழங்கு வேக வைக்கவா?" என்று எழுந்தார் அவர்.

"அந்த ஸ்க்ரூவ இன்னும் பாக்கல."

"எந்த ஸ்க்ரூ?"

"பத்தாவது."

அவர் உட்கார்ந்தார். மகளைப் பார்த்தார். அவள் கண்ணை உருட்டினாள். "ஒக்க ஸ்க்ரூ கோசமா?" என்றாள். ஒரு ஸ்க்ரூவுக்காகவா இத்தனையும் என்று.

"நக்கோ ம்மா" என்றார் அவர், கெஞ்சலாக. "இது என்ன ஏரோப்ளேனா? பறக்கப் போகுதா?"

"இவ வயித்து மேலதானே வச்சுக்குறா" என்றேன்.

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது, அவ்வளவுதான். சொன்ன பிறகு என் காதுக்கே அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் கேட்டது. பஸ்ஸில் போனால் படியில் நிற்காதே, ஹாஸ்டலில் ஹீட்டர் போடாதே என்று ஒரு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்த வரிசையில் இதுவும் ஒன்று. அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

டார்ச் எடுத்து வரச் சொன்னேன். காற்றாடிக்குக் கீழே பார்த்தேன். கீல் இரண்டிலும் பார்த்தேன். ஸ்பீக்கர் ஓரம், கேபிள்களுக்கு அடியில், எங்கும் இல்லை. பிறகு லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிக் காதோரம் வைத்து மெல்லச் சாய்த்தேன். வேலையிடத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இப்படிச் செய்கிறோம். உள்ளே ஏதாவது உருண்டால் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. மறுபக்கம் சாய்த்தேன். அப்போதும் சத்தம் இல்லை.

"திருப்தியா?" என்றார்.

கிட்டத்தட்டத் திருப்திதான். மூடியைக் கையில் எடுத்தேன். அட்டையில் காலியாக இருந்த இடம் கண்ணில் பட்டது. உருளவில்லை என்றால் உள்ளே இல்லை என்று அர்த்தமில்லை. எங்காவது சிக்கியிருந்தாலும் உருளாது. நான் பார்க்காத இடம் ஒன்றுதான் பாக்கி. பேட்டரிக்கு அடியில்.

பேட்டரியைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி அவற்றையும் அட்டையில் குத்தினேன். பேட்டரியின் ஒரு ஓரத்தைத் தூக்கி, கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். சட்டத்தில் ஒரு பள்ளத்தில் தலை உட்கார்ந்து, கூர்முனை மேலே பார்க்க, அந்தக் கறுப்பு ஸ்க்ரூ நின்றிருந்தது. நட்டு வைத்த மாதிரி.

பேட்டரியை முழுதாக எடுத்துத் திருப்பினேன். பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் செல்களில் நடு செல்லின் மேல் ஒரு குழி. பச்சைப் பயறு அளவு இருக்கும். அந்த இடத்தில் கறுப்பு உறை தேய்ந்து, அடியில் இருக்கும் வெள்ளித் தாள் பளபளவென்று தெரிந்தது. அந்தத் தாள்தான் கடைசி. அதற்குக் கீழே வேறு தடுப்பு எதுவும் இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஒரு வீடியோ காட்டுவார்கள். இதே மாதிரி ஒரு செல். ஒரு ஆணி மெதுவாக இறங்கும். குத்தியதும் முதலில் ஒன்றும் ஆகாது. பிறகு அது ஒரு பக்கம் உப்பும், புகை பீறிடும், அதற்குப் பிறகு திரை முழுக்கத் தீ. வகுப்பில் பின் பெஞ்சில் இருக்கிறவர்கள் எப்போதும் 'தீபாவளி' என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். செல் கசிந்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி இனிப்பாக ஒரு வாடை வரும். வரவில்லை. ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் படுக்க வைத்துப் பார்த்தேன். உப்பவில்லை. சூடு இல்லை. ஸ்கேலைக் கீழே வைத்தேன், பேட்டரியை மட்டும் கையிலேயே வைத்திருந்தேன்.

"ஏமைந்தி மா?" என்றாள் மகள், என்ன ஆச்சு என்று.

குழியைக் காட்டினேன். ஸ்க்ரூவைக் காட்டினேன். அது குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கே புரிந்தது. அவள் கை தானாகத் தன் வயிற்றின் மேல் போய் நின்றது. குர்த்தாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அது மேலயே தூங்கிருக்கேன்" என்றாள். தமிழில் சொன்னாள். அவள் முழு வாக்கியம் ஒன்றைத் தமிழில் சொல்லி நான் கேட்டு வெகு நாளாயிற்று.

கணவர் எழுந்து, கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர்கள் கட்ட ஆரம்பித்து நிறுத்திய இடத்தில் கிடந்த மணல் குவியலுக்குப் போய், செம்பருத்திக்கு வாங்கி வைத்திருந்த புது மண்தொட்டியில் மணல் அள்ளிக்கொண்டு வந்தார். கனெக்டர் முனையில் டேப் சுற்றிக் கொடுத்தேன். அவர் பேட்டரியைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு உள்ளங்கையிலும் வாங்கி, தீப்பிடித்தாலும் பரவாதபடி மணலில் கிடத்தி, மேலே இன்னும் மணலைப் போட்டு, பால்கனியில் நிழலான மூலையில், துணிக் கொடியிலிருந்து எட்ட வைத்தார். திரும்பி வந்து கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டையைப் பார்த்தார். நான் அந்த ஸ்க்ரூவை அதன் காலி இடத்தில் குத்தியிருந்தேன்.

"நான் மூடச் சொன்னேன்ல" என்றார்.

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க."

"இல்ல. நான் ரெண்டு தரம் சொன்னேன்."

மகள் எழுந்து வந்து அவர் தோளில் முகவாயை வைத்தாள். "டாடி, நான்கூடக் கண்ண உருட்டினேன். மைனஸ் மார்க் ரெண்டு பேருக்கும்." அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் உருளைக்கிழங்கைக் குக்கரில் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எனக்கு வியப்பாக இருப்பது ஒன்று. ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணம் எனக்குக் கொஞ்சமும் வரவில்லை. இத்தனை வருடக் கேலிக்குப் பதில் கிடைத்தாயிற்று. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் இனி நானும் ஒரு கதை சொல்லலாம். ஆனால் அந்தக் குழி இல்லாமல் இருந்திருந்தால், நான் வீணாக ஒரு பேட்டரியைக் கழற்றியவளாகி, பூரி சாப்பிடும்போது அவர்கள் என்னைக் கிண்டல் செய்திருந்தால், அது எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது. நான் படுகிற பயங்களில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பலிப்பதில்லை. அப்படிப் பலிக்காமல் போவதை நம்பித்தான் நான் இத்தனை நாள் பயப்பட்டுக்கொண்டே நிம்மதியாகவும் இருந்திருக்கிறேன். ஒன்று பலித்துவிட்டதும் மற்றவையெல்லாம் எழுந்து வரிசையில் நின்றுவிட்டன. அடுத்த சில நாள் கேஸ் சிலிண்டர் ரப்பர் குழாயைத் தடவித் தடவிப் பார்த்தேன். கீசர் சுவிட்சைப் பார்த்தேன். ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போன் செய்து, "சார்ஜரெல்லாம் கழட்டிட்டியா?" என்று கேட்டேன். மகள் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக, "கழட்டிட்டேன் மா" என்றாள். அந்தப் பொறுமை என்னை இன்னும் பயமுறுத்தியது. அவளும் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

பழைய பேட்டரியை, பழைய மின்சாமான் வாங்கிக்கொள்ளும் ஒரு மையத்துக்கு என் கணவரே தொட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே இருந்தவர் "பேட்டரி போதும், தொட்டி எதுக்கு சார்?" என்றாராம். இவர், "அதுவும் சேத்து எடுத்துக்குங்க" என்று வைத்துவிட்டு வந்துவிட்டார். செம்பருத்திக்கு வேறு தொட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

புது பேட்டரியும் எஸ்எஸ்டியும் வந்து சேர்ந்த நாளில், மறுபடி வெள்ளை வேட்டி, மறுபடி அட்டை. இந்தத் தடவை மகள் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, அமுக்கி, அதன் ஸ்க்ரூவைப் போட்டாள். காற்றாடித் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் எடுத்தாள். பேட்டரியை வைக்கும் முன் அந்தச் சட்டத்தை டார்ச் அடித்து மூலைக்கு மூலை பார்த்தாள், நான் சொல்லவில்லை. மூடியைப் பொருத்தியதும் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணிக்கொண்டே முறுக்கினாள். மூன்றுக்குத் தெலுங்கில் 'மூடு' என்றுதான் பெயர். அவர் சமையலறையிலிருந்து, "மூணுலயே மூடுங்கறா பாரு. அம்மா விடுவாளா?" என்றார். பழையபடி பேச ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு அதில் ஒரு ஆறுதல்.

லேப்டாப் ஆன் ஆனது. முன்பு திறக்க ஒரு யுகம் எடுத்த மென்பொருள், சட்டென்று வந்து நின்றது. அவள் ஏதோ ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு அதைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தாள். மறுநாளும் மேசையில்தான். அதற்கு மறுநாளும். அறையில் அவள் மேசை மேல் இருந்த துணியெல்லாம் அலமாரிக்குப் போயிருந்தது. எத்தனை வருடமாக நான் கேட்டது. கிடைத்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நேற்று எனக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்ட பிறகு கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கொண்டுபோய் அவள் அறையில் போட்டேன். புனேக்கு எடுத்துப்போக வேண்டியவை ஒரு பக்கம், இங்கே விட்டுப்போகிறவை ஒரு பக்கம். அவள் கட்டிலில் படுத்திருந்தாள். முழங்கால் மடங்கியிருந்தது. லேப்டாப் பலகையாக மடங்கி வயிற்றின் மேல் இருந்தது. கையில் திரையில் வரைகிற பேனா. எதையோ வரைந்துகொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள், எழுந்திருக்கப் போனாள்.

"படு, படு" என்றேன்.

"ஓகேவா மா?"

"நீதானே மூடினே" என்றேன்.

அவள் மறுபடி படுத்துக்கொண்டாள். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன். குர்த்தாக்கள், துண்டுகள், அவள் அப்பாவிடமிருந்து சுட்டுக்கொண்ட இரண்டு டீ-ஷர்ட். பேனா கண்ணாடியில் உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். தூங்கிவிட்டாள். லேப்டாப் அவள் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

என் கை போனது. போய் அதன் விளிம்பைத் தொட்டது. சூடு இல்லை, மதிய வெயில் பட்ட துணியின் சூடுகூட இல்லை. எடுத்து மேசையில் வைத்துவிடலாம். வைத்தால் அவளுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. அடுத்த வாரம் இதே நேரத்தில் அவள் வேறொரு ஊரில், நான் பார்க்காத ஒரு கட்டிலில் இப்படித்தான் தூங்கிக்கொண்டிருப்பாள். எடுத்து வைக்க அங்கே யாரும் இருக்கப்போவதில்லை.

கையை எடுத்துக்கொண்டேன். இன்னும் ஒரு கூடைத் துணி பாக்கி இருந்தது.